இருபத்தெட்டாம் நாள்

அவருக்கு எல்லோரும் வைத்திருந்த பெயர் ரசமட்டம். பெற்றவர்கள் வைத்த பெயரும் ஒன்று இருந்தது, அது வாக்காளர் பட்டியலோடு சரி. தரைக்கு டைல்ஸ் பதிக்கும் மேஸ்திரி. முப்பத்தைந்து வருடமாக அடுத்தவர் வீட்டுத் தரையில் மண்டியிட்டே காலம் தள்ளியவர். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும், தரையின் மட்டம் பார்க்கும் அந்த மஞ்சள் நிற ரசமட்டக் கருவி கையில் இல்லாவிட்டாலும்கூட, ஒரு கண்ணைச் சுருக்கித் தரையை ஒரு பார்வை பார்ப்பார். கல்யாண வீடு, துக்க வீடு என்றெல்லாம் பேதம் கிடையாது. "அந்த மூலையில கால் இஞ்ச் இறங்கியிருக்கு" என்று ஒரு துக்க வீட்டில் சொல்லி, செத்தவரின் மச்சானிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

வேலை சுத்தம். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. குணத்தில்தான் ஒரு கோணல் இருந்தது. தப்பு நடந்துவிட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார், தலைகீழாக நின்றாலும் அவர் வாயிலிருந்து அது வராது. இளவயதில் ஒரே ஒரு தடவை ஒப்புக்கொண்டார். ஒரு குளியலறையில் தண்ணீர் ஓடவேண்டிய சரிவை எதிர்ப்பக்கமாக வைத்துவிட்டு, அன்றே வீட்டுக்காரரிடம் போய், "தப்பு என் பேர்லதாங்க" என்று நின்றார். வீட்டுக்காரர் அவரை அப்போதே வெளியே அனுப்பினார். அந்தத் தெருவில் பேசி வைத்திருந்த மற்ற நான்கு வீடுகளும் கைநழுவிப் போயின. அதற்குப் பிறகு அவர் புத்திசாலி ஆகிவிட்டார். அடியில் பிடிக்காமல் பொக்கையாய்ப் போன டைல்ஸ் மேல் பீரோ வரும்படி வீட்டுக்காரருக்கு யோசனை சொல்வார். விளிம்பு உடைந்த டைல்ஸைக் கதவின் பின்பக்கம் பதிப்பார். பூசி மெழுகுவது என்று நாம் பேச்சுக்குச் சொல்வோம், அவருக்கு அது கைத்தொழில்.

மனைவி புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை பார்த்தாள். நோட்டுகளைத் தைத்து, முதுகுக்குப் பசை தடவி, அழுத்தக் கட்டைக்கு அடியில் வைத்து, மறுநாள் எடுக்கும் வேலை. அவர் ஒரு நாளில் நூறு வார்த்தை பேசினால் அவள் பத்துப் பேசுவாள், ஆனால் அந்தப் பத்தில் ஒன்றும் வீண்போகாது. ஒரே மகள், வெளியூரில் வாழ்க்கைப்பட்டவள், நிறைமாதம். வீட்டில் மீதி இருந்தது மிளகு. நான்கு வருடத்துக்கு முன் கடையின் காகிதக் கழிவு மூட்டைக்குள் கிடந்த குட்டி நாய். கன்னங்கரேல் என்று உள்ளங்கை அளவில் இருந்ததால் அந்தப் பெயர். வளர்ந்து முழங்கால் உயரம் ஆன பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்த மிளகைத்தான் ஒரு வெள்ளிக்கிழமை காலை, தெருமுனையில், ஒரு பைக் அடித்துவிட்டுப் போனது. பின்னங்கால் தொடை எலும்பு இரண்டு துண்டு. அன்று மதியமே கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மா அறுவை செய்து, ஒரு தகடு வைத்து, ஆறு திருகாணி முடுக்கினார்.

"ஆபரேஷன் என் வேலை, அது முடிஞ்சுது. மீதிப் பாதி உங்க வீட்டுலதான் நடக்கணும்" என்றார் டாக்டரம்மா. "எட்டு வாரம் கூண்டு. ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, வழுக்குற தரையில கால் வைக்கவே கூடாது. மூணு நாலு வாரத்துல வலி போயிடும், நல்லா நடக்கும். அதைப் பார்த்து ஏமாந்துடாதீங்க. எலும்பு அப்ப முழுசா கூடியிருக்காது, தகடுதான் தாங்கிட்டு இருக்கும். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துட்டு நான் சொன்ன பிறகுதான் வெளிய விடணும்."

"எட்டு வாரமா?" என்றார் ரசமட்டம். "கான்கிரீட்டே இருபத்தெட்டு நாள்ல இறுகிடும் டாக்டர். முட்டுக் கொடுத்த சென்ட்ரிங் பலகையைப் பிரிச்சிட்டு மேல லாரியே ஏத்தலாம்."

"நாய் கான்கிரீட் இல்லைங்க" என்றார் டாக்டரம்மா.

உதவிக்கு நின்ற பெண் சிரித்துவிட்டாள். மனைவியும் சிரித்தாள். ரசமட்டத்துக்கு மூக்கு உடைந்த மாதிரி ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி முதல் வேலையாகத் தரையை மூடினாள். அந்தத் தரை ரசமட்டம் தன் கையால் பதித்தது. முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. வேலைக்கு ஆள் தேடி வருபவர்களுக்கு அவர் காட்டும் மாதிரியே அந்தக் கூடம்தான். அதன் மேல், கூண்டிலிருந்து பின்கதவு வரைக்கும், அவள் பழைய ரப்பர் விரிப்பையும் சாக்கையும் போட்டு ஓரங்களில் டேப் ஒட்டினாள்.

"இதென்ன, கோழிப்பண்ணையா?" என்றார்.

"எட்டு வாரம்" என்றாள்.

அவள் அந்த நாயைப் பார்த்துக்கொண்ட விதத்தைச் சொல்லாமல் போகக் கூடாது. கடை முதலாளியிடம் சொல்லி நடுவில் இரண்டு தடவை வீட்டுக்கு ஓடிவந்தாள். நாளைக்கு நான்கு முறை, ஒரு துண்டை நீளமாக மடித்து, நாயின் வயிற்றுக்கு அடியில் கொடுத்து, இரண்டு முனையையும் துணிப்பையின் காதைப் பிடித்த மாதிரி ஒரு கையில் தூக்கி, மறு கையில் கயிற்றைப் பிடித்து, பின்பக்க மண்ணுக்குக் கூட்டிப்போவாள். இரண்டே நிமிடம், மறுபடி கூண்டு. முதல் நாட்களில் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி ஒத்தடம். தையல் பிரித்த பிறகு, டாக்டரம்மா செய்து காட்டியபடி காலை மெல்ல மடக்கி நீட்டுவது, பத்துத் தடவை. விரல் சூடாக இருக்கிறதா என்று அவ்வப்போது தொட்டுப் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அவள் போகும்போதும் வரும்போதும் தொட்டுப் பார்த்தாள். எடை கூடக் கூடாது என்று சாப்பாட்டைப் பாதியாக்கினாள். நாய் அவளை ஒரு பார்வை பார்க்கும், அந்தப் பார்வைக்கு வேறு யாராயிருந்தாலும் சோற்றைப் பானையோடு கவிழ்த்திருப்பார்கள். அவள் அசையவில்லை.

மூன்றாவது வாரம் மிளகு காலை ஊன்ற ஆரம்பித்தது. கூண்டுக்குள் எழுந்து நின்று கதவைப் பிராண்டியது.

"பாரேன், ஜம்முனு நிக்குது. பாவம், திறந்து விடேன்" என்றார் ரசமட்டம்.

"பசை காயறதுக்கு முன்ன புத்தகத்தை எடுத்தா, பார்க்க நல்லாத்தான் இருக்கும். விரிச்சாதான் தெரியும்" என்றாள். பேச்சு அவ்வளவுதான்.

இருபத்திரண்டாம் நாள் மகளுக்கு வலி எடுத்துவிட்டது, சொன்ன தேதிக்கு இரண்டு வாரம் முன்பே. மனைவி பையில் நான்கு துணியைத் திணித்துக்கொண்டு கிளம்பினாள். கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து, துண்டை எப்படி மடிப்பது, எந்த மாத்திரை எப்போது, எல்லாவற்றையும் அவரைச் செய்ய வைத்துப் பார்த்தாள். பிறகு வாசலில் நின்று சொன்னாள்.

"உங்ககிட்ட வேற எதுவும் கேட்கல. கூண்டை மட்டும் திறந்து விட்டுடாதீங்க. நான் ஒன்பது நாள்ல வந்துடுவேன்."

"நான் என்ன சின்னப் பிள்ளையா?"

பேத்தி பிறந்தாள். தாயும் சேயும் நலம். ரசமட்டத்துக்குத் தலைகால் புரியவில்லை. வேலை செய்யும் இடத்தில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அந்த ஆறு நாள் அவர் மிளகை ஒழுங்காகத்தான் பார்த்துக்கொண்டார், அதைச் சொல்லிவிட வேண்டும். வேலை முடித்து வந்து, தேய்ந்துபோன முழங்காலோடு குனிந்து, துண்டைக் கொடுத்து, பின்பக்கம் கூட்டிப்போனார். நாய்க்கும் அவருக்கும் அதுவரை அவ்வளவு ஒட்டுறவு இல்லை. இப்போது அவர் பைக் சத்தம் கேட்டாலே கூண்டுக்குள் வால் அடிக்கும் ஓசை வந்தது. அவருக்கு அது பிடித்துப்போனது. தனக்காக ஒரு ஜீவன் காத்திருப்பது அவருக்குப் புதுசு. அதற்கு ஏதாவது செய்ய வேண்டும் போல் இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. இருபத்தெட்டாம் நாள். வேலை நடக்கும் இடத்துக்கு மணல் வரவில்லை என்று அன்று லீவு. மனைவி வரத் திங்கள் மதியம் ஆகும். அதற்குள் நாயைக் கொஞ்சம் நடக்கப் பழக்கிவிட்டால், அவள் வரும்போது வாசலுக்கே போய் நின்று வாலாட்டும். அவள் முகம் எப்படி மாறும் என்று நினைத்துப் பார்த்தார். அந்த டாக்டரம்மாவின் முகத்தையும் நினைத்துப் பார்த்தார். அன்பு பாதி, வீம்பு பாதி. எது கூட, எது குறைச்சல் என்று அவருக்கே தெரியாது.

கூண்டைத் திறந்தார்.

மிளகு உடனே வரவில்லை. துண்டு எங்கே என்று பார்த்தது. பிறகு மெல்ல வெளியே வந்து, கூடத்தை முகர்ந்து, லேசாகத் தாங்கித் தாங்கி நடந்து, தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த அவர் தொடைமேல் தலையை வைத்துப் படுத்தது. அவருக்குக் கண் கலங்கியது. "அவ்வளவுதான்டா, இதுக்குப் போய் எட்டு வாரமாம்" என்று அதன் காதைத் தடவினார். முன்வாசல் பக்கம் விரிப்பு எதுவும் இல்லை. அது அவருக்குத் தோன்றவும் இல்லை. அது அவருடைய தரை, அதன்மேல் யாரும் விழுந்து அவர் பார்த்ததில்லை.

வெளியே கேட் சத்தம் கேட்டது. கூரியர் கொண்டு வந்தவர். மிளகுக்கு அது தெரியுமா, என்ன? கேட் திறந்தால் அவள்தான். ஒரே பாய்ச்சலாய் எழுந்து ஓடி, பளபளத்த தரையில் வாசல் பக்கம் திரும்ப முயன்றது. பின்னங்கால் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போனது. ஒரு சத்தம் கேட்டது. பதித்த டைல்ஸை நெம்பினால் வருமே, அப்படி. அதற்குப் பிறகுதான் நாய் கத்தியது.

ரசமட்டத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தூக்கிக் கூண்டுக்குள் படுக்க வைத்தார். தொடை கோணிக்கொண்டு நின்றது. போனை எடுத்தார், டாக்டரம்மாவின் எண்ணைத் தேடினார். ஆஸ்பத்திரி பத்து நிமிடத் தூரம். எண் திரையில் இருந்தது. அதை அழுத்தினால் என்ன கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியும். எப்படி ஆச்சு? யார் திறந்து விட்டது? பக்கத்தில் அந்தப் பெண் நிற்பாள், சிரித்தவள். பிறகு மனைவிக்குச் சொல்ல வேண்டும்.

போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். கூண்டைத் திறந்ததைக்கூட மன்னித்துவிடலாம். வயிற்றெரிச்சலாய் இருப்பது இந்த இடத்தில்தான்.

வேலைப் பையிலிருந்து இரண்டு மெல்லிய மரப்பட்டைகளை எடுத்தார். முனைகளை உப்புத்தாளில் தேய்த்து மழமழப்பாக்கினார். பஞ்சு வைத்து, காலின் இரண்டு பக்கமும் பட்டையை நிறுத்தி, துணியைச் சுற்றி, அதன்மேல் டேப்பை இழுத்து இழுத்து ஒட்டினார். விரிசல் விட்ட இடத்துக்கு ஆட்டமில்லாமல் முட்டுக் கொடுக்க வேண்டும், அதுதான் அவருக்குத் தெரிந்த வைத்தியம். எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு நல்லது. மிளகு ஒரு தடவை அவர் மணிக்கட்டைப் பல்லுக்கு நடுவில் பிடித்தது. கடிக்கவில்லை, பிடித்துவிட்டு விட்டுவிட்டது. கட்டு முடிந்ததும் பார்த்தார். கடையில் வாங்கிய மாதிரி இருந்தது, சுருக்கம் கிடையாது.

அன்று சாயங்காலம் மனைவி கூப்பிட்டாள்.

"மிளகு என்ன பண்ணுது?"

"படுத்திருக்கு."

"சாப்பிட்டுச்சா?"

"ம்."

"போனை அது காதுகிட்ட வைங்களேன்."

வைத்தார். மிளகுக் குட்டி, கண்ணு, இன்னும் மூணே நாள்தான் என்று அவள் குரல் கேட்டது. நாய் தலையைத் தூக்கியது. தொண்டைக்குள்ளிருந்து நீளமாக முனகியது.

"என்னங்க, ஏன் இப்படி முனகுது?"

"உன் குரலைக் கேட்டு ஏங்குது. வேற என்ன?"

அந்தப் பக்கம் அவள் சிரித்தாள். சிரிப்போடு மூக்கை உறிஞ்சும் சத்தமும் வந்தது.

சப்பைக்கட்டு கட்டுவதற்கு அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பச்சை உடம்புக்காரி பக்கத்தில் இருக்கிறாள், சந்தோஷமாக இருக்கும் வீட்டில் இதைச் சொல்லணுமா? சொன்னால் பாதியில் ஓடிவருவாள், குழந்தையை யார் பார்ப்பது? கட்டுத்தான் போட்டாயிற்றே, அசையாமல் கிடந்தால் தானாகக் கூடிவிடும். சனிக்கிழமை வேலைக்குப் போனார். மிச்சமிருந்த வலி மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை நாய் தண்ணீர் மட்டும் குடித்தது. கட்டுக்குக் கீழே பாதம் உப்பியிருந்தது. வீக்கம் இறங்கட்டும் என்று அதன்மேல் ஐஸ் வைத்தார். திங்கள் காலை அது முனகவில்லை. வலி குறைந்துவிட்டது என்று அவர் நினைத்தார். நினைக்க விரும்பினார் என்பதுதான் சரி.

மதியம் மனைவி வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே, "பேத்தி அப்படியே உங்க மூக்கு. போட்டோ காட்டறேன் இருங்க" என்றாள். அப்படியே கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்தாள். வால் இரண்டு தடவை தரையில் பட்டது. தலை எழவில்லை.

"இதென்ன கட்டு?"

"லேசா வீங்கிச்சு. டாக்டரம்மா கட்டச் சொன்னாங்க."

"ஓ" என்றாள். நம்பிவிட்டாள். கட்டைப் பார்த்து, "நல்லாத்தான் கட்டியிருக்காங்க" என்றுகூடச் சொன்னாள். பழக்கதோஷத்தில் கை நேராக நாயின் கால்விரலுக்குப் போனது. விரலைத் தொட்ட கை அப்படியே நின்றது. மற்ற மூன்று காலின் விரல்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். மறுபடி இதைத் தொட்டாள்.

"ஜில்லுன்னு இருக்குங்க."

அவர் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. நாயை விரிப்போடு வாரி எடுத்துக்கொண்டு, கழற்றிய செருப்பைப் போடாமலே தெருவுக்கு ஓடினாள். அவர் பின்னால் போனார்.

டாக்டரம்மா கட்டை வெட்டித் திறந்ததும் அறை முழுக்க நாற்றம் பரவியது. முழங்காலுக்குக் கீழே கால் வேறு நிறத்தில் இருந்தது.

"இந்தக் கட்டை யாரு போட்டது?"

"நீங்கதானே போடச் சொன்னீங்க" என்றாள் மனைவி.

டாக்டரம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு அவளுக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்தார். மனைவியும் திரும்பினாள். அவர் சுவரில் ஒட்டியிருந்த டைல்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். சந்துகள் நேராக இல்லை என்பது அந்த நேரத்திலும் அவர் கண்ணில் பட்டது.

எக்ஸ்ரே எடுத்தார்கள். தகடு வளைந்து, மூன்று திருகாணி பிடுங்கிக்கொண்டு நின்றது.

"உடைஞ்ச அன்னைக்கே கொண்டு வந்திருந்தா தகட்டை மாத்தியிருப்பேன்" என்றார் டாக்டரம்மா. குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "திரும்ப எட்டு வாரம் கூண்டு, அதோட போயிருக்கும். இப்ப இந்தக் கட்டோட இறுக்கத்துல காலுக்கு ரத்தமே போகல. மூணு நாளாவது ஆயிருக்கும். காலை எடுத்தாதான் உயிர் மிஞ்சும். அதுவும் உறுதியா சொல்ல மாட்டேன்."

மனைவிதான் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே நீளமான பெஞ்சு. இந்த முனையில் அவரும் அந்த முனையில் அவளும் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் கேட்டாள், அவர் பக்கம் திரும்பாமல்.

"எப்ப?"

"வெள்ளிக்கிழமை காலைல."

"திறந்து விட்டீங்களா?"

"நீ வர்றப்ப வாசலுக்கு நடந்து வரட்டும்னு நெனச்சேன்."

அவள் தலையை ஆட்டினாள். அதை அவள் நம்பினாள், நம்பும்படித்தான் இருந்தது.

"கத்திச்சா?"

"கத்திச்சு."

"மூணு நாளுமா?"

"நேத்து சாயங்காலம் வரைக்கும்."

"அதுவரைக்கும் நீங்க என்ன பண்ணீங்க?"

வழக்கம்போல் சொல்ல எத்தனையோ சாக்கு இருந்தது, ரசமட்டம் எதையும் எடுக்கவில்லை.

"டிவி சத்தத்தைக் கூட்டி வச்சேன்" என்றார்.

அவள் அழவில்லை. புடவையில் ஒட்டியிருந்த நாய் முடியை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். பிறகு, வீட்டு விஷயம் பேசும் சாதாரணக் குரலில் சொன்னாள்.

"அடுத்த மாசம் பொண்ணு குழந்தையோட நம்ம வீட்டுக்கு வரேன்னு சொல்லியிருக்கா. மூணு மாசம் இருப்பா. வேணாம்னு சொல்லிடப் போறேன்."

"ஏன்?"

"நான் கடைக்குப் போயிடுவேன். அவ குளிக்கப் போனாலும் தூங்கப் போனாலும் குழந்தை உங்ககிட்டதானே இருக்கும்."

"என்ன பேச்சு பேசற? அது நம்ம பேத்தி."

"கீழ விழுந்துட்டா சொல்லுவீங்களா?"

அவர் பதில் சொல்ல நினைத்தார். சொல்லுவேன் என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். அதைச் சொன்னால் அவள் நம்ப மாட்டாள் என்பதைவிட, அது உண்மையா என்று தனக்கே தெரியவில்லை என்பதுதான் அவரைத் தடுத்தது. இருபது வருடம், முப்பது வருடம் பின்னால் போய்த் தேடினார். தப்பை வாய்விட்டுச் சொன்னதாக ஒரே ஒரு தடவைதான் நினைவுக்கு வந்தது.

உதவிக்கு நிற்கும் பெண் கதவைத் திறந்தாள். இன்று அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. "முடிஞ்சுதும்மா. மயக்கம் இன்னும் தெளியல. வந்து பாருங்க."

மனைவி எழுந்தாள். அவரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"நீங்க இங்கயே இருங்க" என்றாள்.

அவர் உட்கார்ந்தார்.